முட்டுக் குச்சி, பஞ்சர் ஒட்டு, சுத்தாத ஃபேன்: பழைய விமானத்துல அம்மாவ கூட்டிட்டுப் போலாமா?

கோவில்பட்டிலேர்ந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. கொஞ்சம் சுருக்கித் தர்றேன்.

"சார், போன மாசம் அம்மாவ சென்னையில கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு தூத்துக்குடிக்கு ஃப்ளைட்ல வந்தோம், அம்மாவுக்கு அதான் முதல் தடவ. ரெண்டு ஃபேன் வச்ச சின்ன விமானம், பார்த்தாலே அரதப் பழசு. பெயின்ட் மங்கிப்போயி கிடந்துச்சு, வால் பக்கம் கீழ ஒரு குச்சிய முட்டுக் கொடுத்து நிப்பாட்டியிருந்தாங்க, நம்ம ஊர்ல சாயற மரத்துக்கு கொடுப்போம்ல அது மாதிரி. உள்ள உக்காந்தா ஏசியே இல்ல, வேர்த்துக் கொட்டுது. வலது பக்க இன்ஜின் சத்தம் போடுது ஆனா ஃபேன் சுத்தல. இறக்கை முன்னாடி கருப்பு ரப்பர்ல பஞ்சர் ஒட்டுன மாதிரி ரெண்டு ஒட்டு, அடில ஒரு இடத்துல வெள்ளி கலர் டேப். மேல ஏறுனதும் இன்ஜின் சத்தம் பொசுக்குன்னு கொறஞ்சுது, எனக்கு உசுரே போச்சு. கடைசில இறங்கறப்ப அம்மா தலையில சொட்டு சொட்டா தண்ணி வேற. லைட் பட்டன்ல ஸ்டிக்கர் ஒட்டி வேலை செய்யாதுன்னு எழுதியிருந்தாங்க. அம்மா இறங்கி 'இனிமே செத்தாலும் இதுல ஏற மாட்டேன்'னுட்டாங்க. அடுத்த மாசம் அம்மாவுக்கு விழித்திரைல ஆபரேஷன், போகவும் வரவும் இதே ஃப்ளைட்லதான் டிக்கெட் போட்டிருக்கேன், ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது நாள் திரும்பணும். கேன்சல் பண்ணவா? விமானத்தோட வயச எப்படி பார்க்கறது? அந்த டேப்ப பத்தி அங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கணுமா?"

பதில் சொல்றேன்மா. நான் முப்பத்தி ஆறு வருஷம் மீனம்பாக்கத்துல ஏஎம்இ-யா இருந்தவன், அதாவது விமானத்த ரிப்பேர் பார்த்து கையெழுத்து போட்டு அனுப்பற ஆளு, நான் சேர்ந்தப்ப ஆவ்ரோங்கற பழைய ஃபேன் விமானத்துல ஸ்பேனர் பிடிச்சேன், ரிட்டயர் ஆகறப்ப ஏர்பஸ். அதனால உங்க லெட்டர படிச்சதும் எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, மன்னிச்சிக்கோங்க, உங்கள பார்த்து இல்ல, நீங்க பார்த்த ஏழெட்டு விஷயமும் எங்க ஆளுங்க தினம் நூறு தடவ பார்க்கறது, ஆனா இதெல்லாம் என்னன்னு பயணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு யாருக்கும் தோணறதே இல்ல. கடைசி வரைக்கும் படிங்க, உங்க லெட்டர்ல ஒரே ஒரு இடத்துல நான் உண்மையாவே பயந்தேன், அது நீங்க பயந்த இடம் இல்ல.

நீங்க போனது ஏடிஆர் 72. தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்ல ரன்வே ரொம்ப நாளா 1,350 மீட்டர்தான், அதுல பெரிய ஜெட் இறங்க முடியாது, அதனாலதான் அந்த ஊருக்கு ஃபேன் விமானமாவே வந்துட்டு இருந்துச்சு. ஃபேன் வச்சிருந்தா பழசுன்னு நம்ம ஜனங்களுக்கு ஒரு நெனப்பு, நேத்து ஃபேக்டரிலேர்ந்து வந்த ஏடிஆர்லயும் ஃபேன்தான் இருக்கும்மா, அதுக்குள்ள சுத்தறதும் ஜெட் மாதிரி டர்பைன்தான், அந்த டர்பைன் ஃபேன சுத்துது அவ்ளோதான்.

அந்த முட்டுக் குச்சி. ஏடிஆர்ல சாமான் அறை முன்னாடி, ஜனங்க ஏறற கதவு பின்னாடி. எல்லாரும் பின்கதவு படில கூட்டமா ஏறி நின்னா வால் பக்கம் கனம் கூடும், முன் சக்கரம் தூக்கி வால் தரைல உக்காந்துடும். அதுக்குத்தான் அந்தக் குச்சி, டெயில் ப்ராப்னு சொல்வோம், விமானம் புத்தம் புதுசா இருந்தாலும் போடுவோம், கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடுவோம். சில சமயம் பாதி சீட் காலியா இருக்கறப்ப ஏர்ஹோஸ்டஸ் வந்து நாலு பேர இடம் மாத்தி உக்கார சொல்வாங்கல்ல, அதுவும் இதே கனக் கணக்குதான், கோவிச்சிக்கக் கூடாது.

சத்தம் வருது ஃபேன் சுத்தலன்னீங்கள்ல, அது இன்னும் ஜோரான விஷயம். பெரிய ஜெட்டுக்கு வால் நுனில ஒரு குட்டி இன்ஜின் இருக்கும், தரைல நிக்கறப்ப கரண்டும் ஏசியும் அதுலேர்ந்துதான். ஏடிஆர்ல அது கிடையாது. பதிலுக்கு வலது பக்க இன்ஜினையே ஓட விட்டு அதோட ஃபேன மட்டும் பிரேக் போட்டு பிடிச்சு வச்சிப்பாங்க, அதுக்கு பேரே ஹோட்டல் மோட். பேருதான் ஹோட்டல், சென்னை மே மாச வெயில்ல அந்த ஏசி பத்தவே பத்தாது, எழுபது பேர் உள்ள உக்காந்து கதவும் தொறந்து கிடந்தா வேர்க்கத்தான் செய்யும். மேல ஏறுன பத்து நிமிஷத்துல குளிர்ந்திருக்குமே, அத நீங்க எழுதல, பயத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க.

சத்தம் பொசுக்குன்னு கொறஞ்சதுக்கும் காரணம் இருக்கு. டேக்ஆஃப்ல ஃபேன் முழு வேகத்துல, நூறு பர்சன்ட்ல சுத்தும். கொஞ்சம் உயரம் வந்ததும் பைலட் அத 82 பர்சன்ட் வாக்குல இறக்குவார், லாரிக்காரர் மேடு ஏறி முடிச்சதும் கியர் மாத்தறாருல்ல அப்படின்னு வச்சிக்கோங்க. முதல் தடவ கேக்கறவங்களுக்கு இன்ஜின் நின்னுபோச்சோன்னு வயித்த கலக்கும்தான். எங்க வீட்டுக்காரம்மா என் கைய பிடிச்சுட்டு "என்னங்க ஆச்சு"ன்னாங்க, அவங்க அப்ப ஏஎம்இ பொண்டாட்டியா இருபது வருஷம் ஆனவங்க.

கருப்பு ரப்பர் கதைய கொஞ்சம் நீட்டி சொல்லணும். இறக்கை முன் ஓரத்துல ஒட்டியிருக்கறது டீ-ஐசிங் பூட்டு. மேகத்துக்குள்ள போறப்ப இறக்கை மேல ஐஸ் பிடிச்சா அந்த ரப்பருக்குள்ள காத்து போய் உப்பும், ஐஸ் உடைஞ்சு கொட்டிடும். தூத்துக்குடில ஏது ஐஸுன்னு கேப்பீங்க, நம்ம ஊர்லயே 16,000 அடி வாக்குல தாண்டிட்டா மழை மேகத்துக்குள்ள உறையற குளிரு இருக்கும்மா, ஐப்பசி மழைல அந்த ரூட்ல அது வேலை செஞ்சு நானே பார்த்திருக்கேன். இந்த ஐஸ் விளையாட்டு இல்ல, 1994 அக்டோபர் 31ம் தேதி அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல ஒரு ஏடிஆர் 72 ஐஸ் மேகத்துக்குள்ள ரொம்ப நேரம் சுத்திட்டு இருந்து விழுந்து 68 பேர் போனாங்க, ரப்பர் மூடாத இடத்துல ஐஸ் சேர்ந்து இறக்கையோட பின் ஓரத்துல ஆடற அந்த பலகை தானா இழுத்துக்குச்சு. அதுக்கப்புறம் அந்த ரப்பரோட அகலத்தையே கூட்டினாங்க, ஐஸ்ல எப்படி ஓட்டணும்ங்கற ரூலும் மாறுச்சு. இப்ப அந்த ரப்பர்ல கல்லு, மணல் அடிச்சு சின்ன ஓட்டை விழும், விழுந்தா நீங்க சொன்ன மாதிரியே பஞ்சர்தான் ஒட்டுவோம். அப்படியே சைக்கிள் டியூப் ஒட்டறாப்புலதான், சுரண்டி, துடைச்சு, பசை தடவி, பேட்ச் வச்சு அழுத்தி, ஆனா எந்த சைஸ் ஓட்டைக்கு எந்த பேட்ச், ஒரு துண்டு ரப்பர்ல எத்தன ஒட்டு வரைக்கும் அனுமதி, எல்லாம் புக்குல இருக்கு, அத மீறினா முழு ரப்பரையும் மாத்தணும். ஆக ஒட்டு இருக்குன்னா யாரோ பார்த்து கவனிச்சு ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம், ஒட்டாத ஓட்டைதான் எனக்குப் பயம்.

வெள்ளி டேப்பும் ஏறக்குறைய இதே கதைதான். அது கடைல விக்கற டேப் இல்ல, அலுமினியத் தகடுல பின்னாடி பசை வச்சது, ஸ்பீட் டேப்னு பேரு, பேனல் ஓரம் சீல் பிஞ்சிருந்தா, பெயின்ட் உரிஞ்சிருந்தா, பாரம் சுமக்கற வேலை இல்லாத வெளி மூடில சின்ன விரிசல் இருந்தா அடுத்த பெரிய செக் வரைக்கும் ஒட்டி வைப்போம். எங்க ஒட்டலாம் எங்க ஒட்டக் கூடாதுன்னு அதுக்கும் புக்கு. ஒட்டினவன் லாக் புக்ல எழுதி கையெழுத்து போட்டிருப்பான். போயிங் 787 மாதிரி பெரிய புது விமானத்துலயே இறக்கை மேல வெயில்ல பெயின்ட் உரிஞ்சு டேப்பா ஒட்டியிருக்கறத பார்த்து ஜனங்க ஃபோட்டோ எடுத்துப் போட்டு சண்டை போடறாங்க.

தண்ணி சொட்டுனது ஏசி ரிப்பேர் இல்லம்மா. 20,000 அடில வெளிய உறையற குளிரா இருக்கும். நீங்க எழுபது பேர் விடற மூச்சுல இருக்கற ஈரம் மேல் பேனலுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவுல போய் பனியா ஒட்டிக்கும், வாகைக்குளத்துல கடல் காத்துக்குள்ள இறங்கறப்ப அது உருகி எங்கயோ ஒரு இடுக்குல வழிஞ்சு யாரோ ஒருத்தர் தலையில விழும். அன்னிக்கு அது அம்மா தலை. இதுல பழைய விமானத்துக்கு ஒரு பங்கு உண்டுன்னு ஒத்துக்கறேன், உள்ள இருக்கற மெத்தை மாதிரி துணி நாளாக நாளாக ஈரம் ஊறி சீல் விட்டுப் போயிருக்கும், புதுசுல இவ்ளோ சொட்டாது.

ஸ்டிக்கர் விஷயம், நாங்க இன்ஆப்னு சொல்வோம். எது ரிப்பேரா இருந்தா பறக்கலாம், எது இருந்தா பறக்கவே கூடாதுன்னு ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பட்டியல் இருக்கு, எம்இஎல். பட்டியல்ல இருக்கறதுக்கும் சும்மா விட மாட்டாங்க, சிலது மூணு நாள்ல, சிலது பத்து நாள்ல, ரொம்ப சாதாரணமானது 120 நாள்ல சரி பண்ணியாகணும். உங்க தலைக்கு மேல இருக்கற லைட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், இன்ஜின் நெருப்பு எச்சரிக்கைக்கு ஒட்டிட்டு போக முடியாது. ஸ்டிக்கர் பார்த்தா எனக்கு நிம்மதிதான், ஸ்னாக், அதாவது கோளாறு, எழுதப்பட்டிருக்கு, கடிகாரம் ஓடுது.

இப்ப வயசு. பார்க்கறது ரொம்ப ஈஸி, விமானத்தோட பின் பக்கம் விடி-ன்னு ஆரம்பிச்சு மூணு எழுத்து இருக்கும், அதான் நம்ம நாட்டு நம்பர் பிளேட், அத ஃப்ளைட் டிராக் பண்ற ஆப்ல போட்டா எந்த வருஷம் செஞ்சது, இதுக்கு முன்னாடி எந்த நாட்டுல யார்கிட்ட ஓடிச்சுன்னு வந்துடும். ஆனா அத பார்த்து என்ன பண்ணப் போறீங்க? 2010 மே 22ல மங்களூர்ல 158 பேர் போன விமானத்துக்கு மூணு வயசு கூட ஆகல. 2018ல இந்தோனேசியாவுல கடல்ல விழுந்து 189 பேர் போன விமானத்துக்கு மூணு மாசம் கூட ஆகல. 2000 ஜூலை 17ல பாட்னாவுல ஒரு போயிங் 737 விமானம் குடியிருப்பு மேல விழுந்து 60 பேர் செத்தப்ப அதுக்கு இருபது வயசு, ஊரே பழைய விமானம் பழைய விமானம்னு கத்துச்சு, எங்க ஹேங்கர்ல எல்லாரும் தலைய தொங்கப் போட்டுட்டு இருந்தோம், விசாரணை முடிவுல விமானத்துல கோளாறு இல்ல, இறங்கறப்ப ஓட்டுன விதத்துல தப்புன்னு வந்துச்சு. அது வந்த அன்னிக்கு அத யாரும் படிக்கல.

அதுக்காக வயசுக்கு அர்த்தமே இல்லன்னு நான் சொன்னா அது பொய். ஆனா விமானத்தோட வயச நாங்க வருஷத்துல எண்றதில்ல, எத்தன தடவ ஏறி இறங்குச்சுன்னு எண்றோம், சைக்கிள்னு சொல்வோம். மேல போறப்பல்லாம் உள்ள காத்த அடைச்சு உடம்பு லேசா உப்புது, இறங்கறப்ப சுருங்குது. கம்பி கட்டற ஆள பார்த்திருக்கீங்களா, கட்டுக் கம்பிய வெட்டறதுக்கு கத்தரிக்கோல தேட மாட்டாரு, ரெண்டு தடவ இப்படி அப்படி முறுக்குவாரு, ஒடஞ்சிடும். அதே கதைதான், என்ன, இங்க பல்லாயிரக்கணக்கான முறுக்கு தாங்கற மாதிரி செய்வாங்க. ஏர்பஸ் 320ய முதல்ல 48,000 தடவ பறக்கற கணக்குல வடிவமைச்சாங்க, அப்புறம் டெஸ்ட் எல்லாம் பண்ணி கூடுதல் வேலைகள் சேர்த்து 60,000 ஆக்கினாங்க. ஒரு ஏடிஆர் நாளைக்கு ஏழெட்டு தடவ ஏறி இறங்கும், அமெரிக்கா போற பெரிய விமானம் ரெண்டு தடவ கூட இறங்காது, அப்ப பத்து வயசு ஏடிஆர் இருபது வயசு பெரிய விமானத்தவிட 'கிழவன்'. ஆப்ல வர்ற வருஷத்த வச்சு இதெல்லாம் தெரியாது.

இத உலகத்துக்கு உறைக்க வச்சது ஹவாய் தீவுல நடந்த ஒரு விபத்து. 1988 ஏப்ரல் 28. ஹிலோங்கற ஊர்லேர்ந்து ஹொனலூலுவுக்கு ஒரு போயிங் 737, பத்தொம்பது வயசு, தீவு விட்டு தீவு தாவற குட்டிக் குட்டி ட்ரிப்பாவே ஓடி 89,680 சைக்கிள் முடிச்சிருந்துச்சு, எல்லாமே கடல் உப்புக் காத்துல. 24,000 அடில முன்பக்க மேற்கூரை அப்படியே பிச்சுக்கிட்டு போயிடுச்சு, ஜனங்க தலைக்கு மேல வெறும் வானம். ஒரு ஏர்ஹோஸ்டஸ் வெளிய இழுக்கப்பட்டு போயே போனாங்க, மத்த அத்தன பேரோடயும் பைலட் இறக்கிட்டார், இன்னிக்கு வரைக்கும் எங்க தொழில்ல அத பேசாத கிளாஸ் ரூம் கிடையாது. தகடும் தகடும் சேர்ற இடத்துல ஒட்டின பசை விட்டுப்போயி, ரிவிட் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் முடி மாதிரி விரிசல் வந்து, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிச்சு. அதுக்கப்புறம்தான் பழைய விமானத்துக்குன்னு தனி சோதனைத் திட்டங்களே வந்துச்சு, 1991ல அமெரிக்கா அதுக்குன்னு சட்டமே போட்டுச்சு.

அந்த விபத்துல எனக்கு தூக்கம் வராம பண்ணுனது கூரை போனது இல்ல. ஏறறப்ப ஒரு பயணி கதவுப் பக்கத்துல ரிவிட் வரிசைல ஒரு விரிசல பார்த்திருக்காங்க. யார்கிட்டயும் சொல்லல. நமக்கு என்ன தெரியும், அவங்க பார்த்துப்பாங்கன்னு உள்ள போய் உக்காந்துட்டாங்க. நாமளும் அதத்தானேம்மா பண்ணுவோம்?

அதனால உங்க கேள்விக்கு பதில், ஆமா, டேப்ப பத்தி சொல்லியிருக்கணும். ஏர்ஹோஸ்டஸ்கிட்ட "அங்க ஒண்ணு பார்த்தேன், எனக்கு கவலையா இருக்கு"ன்னு சாதாரணமா சொன்னா போதும், அவங்க பைலட்கிட்ட சொல்லியாகணும், பைலட் "அது லாக்ல இருக்கு, பரவால்ல"ம்பார், உங்களுக்கும் நிம்மதி. கேலி பண்ணுவாங்களோன்னு கூச்சப்படாதீங்க. தொண்ணூறுகள்ல ஒரு தடவ மதுரைலேர்ந்து வந்த ஏர்பஸ்ல ஒரு பெரியவர் இறங்கறப்ப என்கிட்ட நேரா வந்து "தம்பி, தரைக்கு அடில எங்கயோ பேரிங் காஞ்சு ஓடுது, பார்த்துக்க"ன்னாரு, வெள்ளை வேட்டி, மில்லுல முப்பது வருஷம் ஃபிட்டராம். எனக்கு அடுத்த ட்ரிப் அவசரம், சரிங்கய்யான்னு சொல்லிட்டு விட்டுடலாம்னுதான் நெனச்சேன், ஆனா மனசு கேக்காம பார்த்தா கேபின் காத்த சுத்தி விடற ஃபேனோட பேரிங் செத்துப்போயி கருகற நிலைமைல இருந்துச்சு. பெரிய ஆபத்து ஆகியிருக்காது, ஆனா நடு வானத்துல புகை வாசம் வந்திருக்கும், எத்தன பேரு அலறியிருப்பாங்க. அவருக்கு ஒரு நன்றி சொல்லக் கூட முடியல, டாக்ஸி ஏறிப் போயிட்டாரு. இன்னொரு பக்கம், இறக்கைலேர்ந்து பெட்ரோல் ஒழுகுதுன்னு ஒருத்தர் கத்தி ஃப்ளைட்டையே நிறுத்தினாரு, பார்த்தா கை கழுவற தண்ணி வெளிய போற குழாய். அதுக்கும் நாங்க கோவிக்கல. சரி, பல்லக் கடிச்சுக்கிட்டோம்.

எது சொல்லணும் எது விடலாம்னா, சீட் பெல்ட் கொக்கி மாட்டாம நழுவுது, சீட்டு நிமித்தி வச்சாலும் தானா சாயுது, சீட்டுக்கு அடில லைஃப் ஜாக்கெட் இல்ல, கரண்ட் கருகற வாசம், பறக்கறப்ப இறக்கைலேர்ந்து கோடு மாதிரி எதாவது தொடர்ந்து வழியுது, இதெல்லாம் உடனே சொல்லணும், சொன்னா மாத்தற வரைக்கும் அந்த சீட்ல உக்காரக் கூடாது. கிழிஞ்ச சீட் கவரு, ஆடற ட்ரே, கடகடன்னு அடிக்கற மேல் பேனல், மங்கின பெயின்ட், இதெல்லாம் அழகு சமாச்சாரம். ஆனாலும் உள்ளத சொல்லிடறேன், ஒரு கம்பெனி விமானம் பூரா சீட்டு கிழிஞ்சு பாத்ரூம் நாறிக் கிடந்தா நானும் கொஞ்சம் யோசிப்பேன். கண்ணுக்கு தெரியற இடத்துலயே காசு செலவு பண்ணாதவன் தெரியாத இடத்துல பண்ணுவானாங்கற கேள்வி நியாயமானதுதான், அதுவும் பாத்ரூம் தரையும் சமையல் மூலையும் எங்களுக்கு ஆகாத இடம், காபி, ஜூஸ், பாத்ரூம் தண்ணி எல்லாம் கீழ இறங்கி தரை பீம்ல துரு பிடிக்கற இடமே அதுதான், பெரிய செக்ல அந்த தரைய பிரிக்கறப்ப எங்க பசங்க மூக்குல கர்ச்சீப் கட்டிப்பாங்க.

பெரிய செக்னா என்னன்னு ஒரு தடவ நீங்க பார்த்தா உங்க பயம் பாதி போயிடும். சீட்டு, தரை, பேனல், உள் மெத்தை எல்லாத்தையும் கழட்டி பச்சை பிரைமர் அடிச்ச எலும்புக்கூடா நிக்க வைப்போம், வாரக்கணக்குல. ரிவிட் ரிவிட்டா கரண்ட் சுழல வச்சு கண்ணுக்குத் தெரியாத விரிசல தேடற மெஷின் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஃபைபர் பாகத்த எல்லாம் ஒரு ஆளு நாணயத்த வச்சு டக் டக்குன்னு தட்டிட்டே போவாரு, சந்தைல மண்பானைய தட்டி வாங்குவீங்கள்ல, அதே டெக்னிக், உள்ள ஒட்டு விட்டிருந்தா சத்தம் மொத்தையா வரும். கோடிக்கணக்குல விலை போற சாமானத்த நாணயத்தால தட்டறோம்னு சொன்னா எங்க ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க. இது போக வருஷா வருஷம் விமானத்தோட மொத்த ரெக்கார்டையும் சரி பார்த்து பறக்கற தகுதிய புதுப்பிக்கணும், இல்லன்னா டிஜிசிஏ, அதாவது விமானங்கள கண்காணிக்கற அரசாங்க ஆபீஸ், கணக்குல அது தரைல நிக்கற தகரம்தான். பழைய விமானத்துல உண்மையான தொல்லை என்னன்னா ஸ்னாக் அடிக்கடி வரும், ஸ்பேர் கிடைக்க லேட் ஆகும், அதனால ஃப்ளைட் லேட், கேன்சல். பயணிக்கு நஷ்டம் உசுருல இல்ல, நேரத்துல. ஆபரேஷன் தேதிக்கு முதல் நாளே சென்னை போய் சேர்ற மாதிரி டிக்கெட் வச்சிக்கோங்க, அன்னிக்கே காலைல போய் இறங்கிக்கலாம்னு ரிஸ்க் எடுக்காதீங்க.

இப்ப நான் பயந்த இடத்துக்கு வர்றேன்.

விழித்திரை ஆபரேஷன்னு எழுதியிருக்கீங்க, நாலாவது நாள் ஃப்ளைட்ல திரும்பறோம்னு எழுதியிருக்கீங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா கேபின் காத்தழுத்தம் என் தொழில். மேல போறப்ப விமானத்துக்குள்ள தரைல இருக்கற அளவு அழுத்தம் இருக்காது, பொதுவா ஜெட்ல 6,000லேர்ந்து 8,000 அடி மலை மேல நிக்கற மாதிரி இருக்கும், ஏடிஆர் தாழப் பறக்கறதால கொஞ்சம் கொறயலாம், கொடைக்கானல் 7,000 அடி வாக்குல, கிட்டத்தட்ட அங்க போய்ட்டு வர்ற கணக்குன்னு வைங்க. அழுத்தம் கொறஞ்சா காத்து விரியும், 8,000 அடி கணக்குல மூணுல ஒரு பங்கு கூடிடும். சிப்ஸ் பாக்கெட் உப்பறது அதனாலதான். விழித்திரை ஆபரேஷன் சிலதுல கண்ணுக்குள்ள கேஸ் குமிழி வச்சு விழித்திரைய அழுத்திப் பிடிச்சு ஒட்ட வைப்பாங்க, அது கரைய கேஸப் பொறுத்து ரெண்டு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசம் வரைக்கும் ஆகலாம். அந்தக் குமிழியோட விமானத்துல ஏறினா அது கண்ணுக்குள்ளயே விரியும், கண் அழுத்தம் எகிறி பார்வையே போகக் கூடிய விஷயம். விமானம் பழசா புதுசாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, நேத்து டெலிவரி எடுத்த விமானத்துலயும் இதான் நடக்கும்.

எல்லா விழித்திரை ஆபரேஷன்லயும் கேஸ் வைக்க மாட்டாங்க, சிலதுல சிலிக்கான் ஆயில் வைப்பாங்க, அது இந்த மாதிரி விரியாது, சிலதுல ரெண்டுமே இல்ல. அதனால இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு "அம்மா கண்ணுல கேஸ் வைப்பீங்களா, வச்சா எப்ப ஃப்ளைட் ஏறலாம்"னு நேரா கேளுங்க, ஆபரேஷன் முடிஞ்சதும் டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியும் வாங்கிக்கோங்க. வைப்போம்னு சொன்னா திரும்பற டிக்கெட்ட மட்டும் உடனே கேன்சல் பண்ணிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல கீழ் பெர்த் ரெண்டு போடுங்க, எழும்பூர்ல ஏறினா காலைல கோவில்பட்டில இறங்கிடலாம், ஆனா குப்புறப் படுக்கணும்னு டாக்டர் சொன்னா ரயில்ல அது எப்படிங்கறதையும் அவர்கிட்டயே கேட்டுக்கோங்க. ஒரு வேளை சொந்தக்காரங்க யாராவது கார்ல அப்படியே கொடைக்கானல் பார்த்துட்டுப் போலாம்னு கூப்பிட்டா அதுவும் வேண்டாம், மலையும் அதே கணக்குதான்.

போறதுக்கு போட்ட டிக்கெட் இருக்கட்டும். காலை ஃப்ளைட்டா பாருங்க, வெயில் ஏறுனப்புறம்தான் மேகம் குலுக்கும். அம்மாவ நடுவுலேர்ந்து பின்னாடி தள்ளி உக்கார வைங்க, ஃபேன் சத்தம் முன் வரிசைலதான் ஜாஸ்தி, இறங்கவும் பின்கதவு பக்கம். ஏறறதுக்கு முன்னாடி அந்த முட்டுக் குச்சிய கை நீட்டிக் காட்டி எதுக்குன்னு சொல்லுங்க, அப்புறம் வலது பக்க ஃபேன் சுத்தாம சத்தம் மட்டும் வரும்னும் முன்கூட்டியே சொல்லிடுங்க. தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கோங்க, அந்த சொட்டுக்கு மட்டும் என்கிட்ட வைத்தியம் இல்ல.